துபாயில் வேலை போய் சென்னை திரும்புகிறவர்கள் வேலையிழப்புப் பணம் பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை போனவர்களில் பலர் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கி, வீட்டில் நான்கு நாள் தூங்கி எழுந்த பிறகுதான் "அங்கே மாசாமாசம் இன்சூரன்ஸ் கட்டினேனே, அந்தப் பணம் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் கேட்டால் பதில் சொல்வதே கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பணத்துக்கான வாசல் அவர்கள் விமானம் ஏறியபோதே மூடிவிட்டது.

இதில் எல்லாமே வரிசைதான். அமீரகக் காப்பீட்டுப் பணம் வேண்டுமென்றால் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் உதவித்தொகை வேண்டுமென்றால் இங்கே, வேலை இல்லாமல், உயிரோடு உள்ள வேலைவாய்ப்பு அட்டையோடு இருக்க வேண்டும். மண்ணடி, ராயபுரம் பக்கத்து ஆட்களுக்கு இந்தத் தாள்களை நிரப்பிக் கொடுத்துப் பார்த்ததில், முதல் பாதியைத் தவறவிட்டவர்களே அதிகம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. உங்களுக்கு எந்தப் பணம் உண்டு என்று பிரித்துப் பாருங்கள்

மூன்று தனித்தனிப் பணங்கள் இருக்கின்றன. ஒன்றைக் கேட்டால் மற்றொன்று போய்விடாது. ஆனால் ஒன்றுக்கான தாளை வைத்து இன்னொன்றைக் கேட்கவும் முடியாது.

முதலாவது, 'ஐலோ' என்று எல்லோரும் சொல்லும் வேலையிழப்புக் காப்பீடு. அமீரகத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டாவது, கம்பெனி தர வேண்டிய செட்டில்மென்ட்: கிராஜுவிட்டி, பாக்கிச் சம்பளம், எடுக்காத லீவுக்கான பணம். இது காப்பீடு இல்லை, நீங்கள் உழைத்த கூலி. மூன்றாவது, தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் தரும் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை.

சவூதியிலிருந்து வருகிறவர்கள் 'சானெத்' என்ற அங்குள்ள வேலையிழப்புக் காப்பீடு பற்றிக் கேள்விப்பட்டுக் கேட்பார்கள். அது சவூதிக் குடிமக்களுக்கு மட்டும். நம் ஆட்களுக்கு அங்கே உள்ளது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டிதான். எனவே சவூதியிலிருந்து வருகிறவர்கள் 3, 4 பகுதிகளை விட்டுவிட்டு மேலே படிக்கலாம்.

"ஈஎஸ்ஐயில் மூன்று மாதம் பணம் தருகிறார்களாமே" என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில் சராசரி தினக் கூலியில் 50 சதவீதம், 90 நாள் வரை கிடைக்கும். ஆனால் அது இந்தியாவில் ஈஎஸ்ஐ சந்தா பிடிக்கப்பட்டவர்களுக்கு. வெளிநாட்டில் வேலை பார்த்த வருடங்கள் அதில் கணக்கில் வராது.

2. கையெழுத்துப் போடும் முன் காரணத்தைப் படியுங்கள்

பணம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஐலோ பணம், வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே. தானாக ராஜினாமா செய்தவருக்கு இல்லை. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் இல்லை.

சில கம்பெனிகளில் ஆளை அனுப்பும்போது, "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று சொல்லி ராஜினாமாக் கடிதத்தை நீட்டுவார்கள். நம் ஆட்கள் மரியாதைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த ஒரு கையெழுத்தோடு காப்பீட்டுக்கான உரிமை முடிந்துவிடுகிறது. நிறுவனமே உங்களை நிறுத்துகிறது என்றால், பணிநீக்கக் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். "ஆள் குறைப்பு" என்றோ "ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்டது" என்றோ அதில் காரணம் இருக்க வேண்டும்.

அடுத்தது வொர்க் பெர்மிட் ரத்துத் தாள். அரபியிலும் ஆங்கிலத்திலும் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்திருக்கும். அதில் இரண்டு இடங்களில் விரலை வைத்துப் படியுங்கள். ஒன்று, வேலை முடிந்ததற்கான காரணம். கடிதத்தில் உள்ள காரணமும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது, "எனக்குச் சேர வேண்டிய எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்கிற வரி. பணம் கணக்கில் ஏறாமல் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டால், பிறகு பாக்கி கேட்கும்போது உங்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டுவார்கள். மொழி புரியவில்லை என்றால் போனில் படம் எடுத்துப் படிக்கத் தெரிந்தவருக்கு அனுப்பிவிட்டு, அரை நாள் அவகாசம் கேளுங்கள். அவகாசம் கேட்பது தவறில்லை.

3. ஐலோ கணக்கில் உங்கள் நிலை என்ன என்று பாருங்கள்

விண்ணப்பிக்க, இடைவெளி இல்லாமல் 12 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பேசிக் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவருக்கு மாதச் சந்தா 5 திர்ஹம், அதற்கு மேல் என்றால் 10 திர்ஹம். சின்னத் தொகை என்பதால்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சந்தாவை மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் விட்டால் காப்பீடு ரத்தாகி 200 திர்ஹம் அபராதமும் வரும். சேரவே இல்லை என்றால் அபராதம் 400 திர்ஹம். அங்கே இன்னும் வேலையில் இருக்கும் தம்பி, மச்சான் யாராவது இருந்தால், இந்தப் பகுதியை மட்டுமாவது அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.

வீட்டு வேலைக்காரர்கள், வீட்டு டிரைவர்கள், சமையல்காரர்கள் இந்தக் காப்பீட்டில் வரமாட்டார்கள். தற்காலிக ஒப்பந்தத்தில் இருப்பவர்களும் அப்படியே. தங்களுக்கு உண்டு என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம், நேராக 5ஆம் பகுதிக்குப் போங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? கடைசி 6 மாத பேசிக் சம்பளத்தின் சராசரியில் 60 சதவீதம், ஒரு முறைக்கு அதிகபட்சம் 3 மாதம். 5 திர்ஹம் பிரிவில் மாதம் 10,000 திர்ஹம், 10 திர்ஹம் பிரிவில் 20,000 திர்ஹம் உச்சவரம்பு. மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கையில் வருவது 3,000 திர்ஹம், ஆனால் ஒப்பந்தத்தில் பேசிக் 1,800 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,080 திர்ஹம், மூன்று மாதத்துக்கு 3,240 திர்ஹம். மீதி எல்லாம் அலவன்ஸ், அதற்குக் காப்பீடு கிடையாது.

4. 30 நாளுக்குள், அங்கிருந்தபடியே விண்ணப்பியுங்கள்

வேலை முடிந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் கிளெய்ம் பதிவாக வேண்டும். கம்பெனியோடு தகராறு நடந்தால், அது தீர்ந்த நாளிலிருந்து 30 நாள். ஐலோ இணையதளத்திலோ ஆப்பிலோ நீங்களே செய்யலாம். ஏஜென்டுக்குக் காசு கொடுக்க அவசியமில்லை.

கையில் வேண்டியவை: எமிரேட்ஸ் ஐடி, பணிநீக்கக் கடிதம், வொர்க் பெர்மிட் ரத்துத் தாள், உங்கள் பெயரில் உள்ள அமீரக வங்கிக் கணக்கின் ஐபேன் எண் (சர்வதேசக் கணக்கு எண்). கணக்கை மூடிவிட்டுக் கிளெய்ம் போட்டால் பணம் எங்கே வரும்? அதனால் வங்கிக் கணக்கைக் கடைசியாக மூடுங்கள்.

சிம்மும் அப்படித்தான். உள்ளே நுழைய ஓடிபி அமீரக எண்ணுக்கு வரும். ஊருக்குப் போகிறோமே என்று சிம்மை நண்பருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ஓடிபிக்காக அந்த நண்பர் டியூட்டி முடிந்து வரும்வரை காத்துக் கிடந்தவர்கள் உண்டு.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் இரண்டு வாரத்துக்குள் பணம் வர வேண்டும். நீங்கள் நாட்டில் சட்டப்படி தங்கியிருக்க வேண்டும், தலைமறைவுப் புகார் எதுவும் உங்கள் மேல் இருக்கக் கூடாது. புது வேலை கிடைத்தாலோ நாட்டை விட்டுப் போனாலோ அந்த நாளோடு பணம் நிற்கும். டிக்கெட் போட்ட பிறகு கிளெய்ம் போடுவது தலைகீழான வரிசை என்பது இதனால்தான்.

சரி, மூன்று மாதப் பணத்துக்காக அங்கேயே உட்கார வேண்டுமா? பேசிக் குறைவாக உள்ளவருக்கு அது கட்டுப்படியாகாது என்பதே என் கருத்து. மாதம் ஆயிரம் திர்ஹம் சொச்சம் பெட்ஸ்பேஸ் (பகிர்ந்த அறையில் ஒரு கட்டில்) வாடகையிலும் சாப்பாட்டிலும் கரைந்துவிடும். அங்கேயே வேறு வேலை தேடுகிறீர்கள் என்றால் தங்குங்கள், அந்தப் பணம் கை கொடுக்கும். ஊருக்குத் திரும்புவது முடிவாகிவிட்டது என்றால், கிளெய்ம் போட்டு, செட்டில்மென்ட் வரும்வரை இருந்து, அதற்குள் கிடைக்கும் மாதத் தொகையை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

எதுவானாலும் ரத்தான விசாவோடு எந்தத் தேதி வரை இருக்கலாம் என்று பார்த்துத் திட்டமிடுங்கள். விசா வகையைப் பொறுத்து அவகாசம் மாறும், அறை நண்பருக்குக் கிடைத்த நாள் கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம்.

5. செட்டில்மென்டைக் கணக்குப் போட்டுக் கேளுங்கள்

அமீரகத்தில் கம்பெனி வேலையில் ஒரு வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு. முதல் 5 வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக். அதற்குமேல் வருடத்துக்கு 30 நாள். அதே 1,800 திர்ஹம் பேசிக்கில் ஒரு நாள் கூலி 60 திர்ஹம். 21 நாளுக்கு 1,260. நான்கு வருடம் என்றால் 5,040 திர்ஹம். இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள். கணக்குத் தெரிந்து வந்தவரிடம் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வேலை முடிந்து 14 நாளுக்குள் கம்பெனி இதைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கவில்லை என்றால் மனிதவள அமைச்சகத்தில் புகார் செய்யலாம். தொழிலாளர் ஆலோசனை எண் 80084. இந்தியத் தூதரகத்தின் உதவி மையம் 80046342, அமீரகத்துக்குள் இலவசம். வேலை முடிந்த நாளிலிருந்து 2 வருடம் வரை உரிமை கேட்கலாம். அதனால் ஊருக்கு வந்துவிட்டாலும் இந்தப் பணம் ஐலோ மாதிரி உடனே போய்விடாது.

ஆனால் சென்னையிலிருந்து வழக்கை நடத்த அங்கே ஒருவருக்குப் பவர் கொடுக்க வேண்டும். நோட்டரி, மாநில உள்துறை, வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம் என்று அந்தத் தாள் முத்திரை முத்திரையாகச் சுற்றி வர வேண்டும். செலவும் நாளும் பிடிக்கும். அங்கே இருக்கும்போதே புகார் எண்ணை வாங்கிவிடுவது எவ்வளவோ மேல்.

ஊருக்கு வந்தபின் வழிகேட்க, சேப்பாக்கம் எழிலகத்தில் இயங்கும் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம் இருக்கிறது. கட்டணமில்லா எண் 1800 309 3793. வேலையிழப்புப் பணம் அங்கே கிடைக்காது. கம்பெனிப் பாக்கி, கம்பெனி பிடித்து வைத்த பாஸ்போர்ட் போன்ற புகார்களுக்கு அணுகலாம்.

6. பெட்டி கட்டும்போது

பணிநீக்கக் கடிதம், ரத்துத் தாள், ஒப்பந்தம், கடைசி 6 மாதச் சம்பள ஸ்லிப், ஐலோ சந்தா ரசீது, கிளெய்ம் எண். எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி உங்களுக்கே மெயிலில் அனுப்பிக்கொள்ளுங்கள். கம்பெனி மெயிலில் வைத்தால் வேலை போன அன்றே பூட்டிவிடுவார்கள்.

7. சென்னையில் முதல் வேலை: வேலைவாய்ப்பு அட்டை உயிரோடு இருக்கிறதா?

தமிழ்நாடு அரசின் உதவித்தொகைக்கு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருடம் முடிந்திருக்க வேண்டும், பதிவு விடாமல் புதுப்பிக்கப்பட்டும் இருக்க வேண்டும். புதுப்பிப்பு 3 வருடத்துக்கு ஒருமுறை. வெளிநாட்டில் இருந்தவர்கள் தடுக்கி விழுவது இதில்தான்.

காசிமேட்டைச் சேர்ந்த ஒரு வெல்டர் பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த பழைய அட்டையை என் முன்னால் விரித்தார். பத்தாம் வகுப்பு முடித்ததும் பதிந்தது. பின்பக்கத்தில் புதுப்பித்த முத்திரைகள் வரிசையாக இருந்தன. அவர் ஷார்ஜா போன வருடத்தோடு வரிசை நின்றுவிட்டது, கீழே கட்டங்கள் காலி. அட்டை பத்திரமாக இருந்தது, பதிவு எப்போதோ காலாவதியாகிவிட்டது. இப்போது புதிதாகப் பதிந்தால் 5 வருடக் கணக்கு அன்றிலிருந்துதான் தொடங்கும்.

அதனால் வேறு எதுவும் செய்வதற்கு முன், வேலைவாய்ப்புத் துறையின் இணையதளத்தில் உங்கள் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பழைய அட்டைக்காரர்களுக்குப் பதிவு எண்ணே பயனர் பெயர், பிறந்த தேதியே கடவுச்சொல். உள்ளே போனால் அடுத்த புதுப்பிப்பு மாதம் தெரியும்.

காலாவதியாகிவிட்டது என்றால் உடனே புதிதாகப் பதியாதீர்கள். தவறவிட்டவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புப் புதுப்பித்தல் சலுகை அறிவிக்கிறது. அதில் பழைய பதிவு மூப்பு திரும்பக் கிடைக்கும். இப்போது அப்படி ஏதாவது நடப்பில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு, இல்லை என்றால் புதிதாகப் பதியுங்கள்.

இன்னும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: புதுப்பிப்பை ஆன்லைனிலேயே செய்யலாம். போனில் அந்த மாதத்துக்கு நினைவூட்டல் வையுங்கள்.

8. தகுதியை நேர்மையாகக் கணக்குப் பாருங்கள்

மாதத் தொகை இது: பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மாற்றுத்திறனாளிகளுக்குப் பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூ 750, பட்டம் 1,000. ஒரு குடும்பம் இதில் ஓடாது. பஸ் பாஸுக்கும் போன் ரீசார்ஜுக்கும் ஆகும். அதைத் தெரிந்துகொண்டே விண்ணப்பியுங்கள். ஏமாற்றம் இருக்காது, உரிமையை விட்டுக்கொடுத்ததாகவும் ஆகாது.

வயது வரம்பு ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45, மற்றவர்களுக்கு 40. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த இரண்டு வரம்பும் இல்லை, பதிந்து ஒரு வருடம் ஆனால் போதும். பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்கள் இதில் வரமாட்டார்கள். தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவரும் கேட்க முடியாது, தொலைதூரக் கல்வி என்றால் தடையில்லை.

வருமான வரம்புதான் பலரை வெளியே தள்ளுகிறது. வருமானம் என்பது உங்களுடையது மட்டும் அல்ல, குடும்பத்துடையது. மனைவி மாதம் 8,000 ரூபாய்க்கு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தாலே வருடத்துக்கு 96,000 ஆகிவிடும். இதை மறைத்து எழுதச் சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். கையெழுத்துப் போடுவது நீங்கள், மாட்டுவதும் நீங்களே.

9. விண்ணப்பமும் அலுவலகமும்

எந்த அலுவலகத்தில் பதிந்தீர்களோ அங்கேதான் விண்ணப்பம். சென்னையில் சாந்தோமிலும் கிண்டி ஆலந்தூர் சாலையிலும் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் உள்ளன. படிப்பைப் பொறுத்துப் பதிவு இடம் மாறும். அட்டையின் மேலே அலுவலகப் பெயர் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சாந்தோமில் வரிசையில் நின்று முடித்தபின் கிண்டிக்குப் போகச் சொன்னால் ஒரு நாள் போய்விடும்.

நீங்கள் போன பிறகு மாவட்ட எல்லையும் மாறியிருக்கலாம். அம்பத்தூர், மதுரவாயல், மாதவரம், திருவொற்றியூர், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் எல்லாம் 2018இல் சென்னை மாவட்டத்துக்குள் வந்தன. தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம். பதிவு பழைய மாவட்டத்தில் இருந்தால், முதலில் முகவரி மாற்றம் செய்துகொள்ளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தை அலுவலகத்தில் வாங்கலாம், இணையதளத்திலும் எடுக்கலாம். அதில் வருவாய்த் துறையின் சான்று வேண்டும். எனவே படிவத்தை நிரப்பி, முதலில் உங்கள் பகுதி வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) அலுவலகத்துக்குப் போங்கள், கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய பிறகே வேலைவாய்ப்பு அலுவலகம். பலர் காலிப் படிவத்தோடு நேராகச் சாந்தோம் போய்த் திரும்பி வருகிறார்கள்.

உடன் எடுத்துப்போக: வேலைவாய்ப்பு அட்டை, கல்விச் சான்றுகளும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் அசலாக, ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் பாஸ்புக். எல்லாவற்றுக்கும் நகல். வெளிநாடு போனபோது ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கியிருந்தால், அதைச் சேர்ப்பதை வந்த வாரமே தொடங்கிவிடுங்கள். அது இல்லாமல் ஆர்ஐ அலுவலகத்திலேயே கேள்வி வரும்.

வங்கிக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. ஊரோடு வந்துவிட்ட பிறகு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வங்கிக்குச் சொல்லி உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். உதவித்தொகைக்கு என்ஆர்இ பாஸ்புக்கைக் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில், ஆதார் இணைத்த சாதாரண சேமிப்புக் கணக்கு போதும்.

பெயர் எழுத்துகளையும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக ஒட்டியிருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் மூன்றாவது மாதிரி. பாஸ்போர்ட்டை வைத்து எடுத்த கணக்கும் ஆதாரும் ஒத்துப்போகவில்லை என்றால் பணம் ஏறாது. முதலில் வங்கியில் சரிசெய்யுங்கள்.

10. பணம் வரத் தொடங்கிய பிறகு

பணம் மாதாமாதம் வராது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து கணக்கில் ஏறும். பொதுப் பிரிவில் 3 வருடம் வரை, மாற்றுத்திறனாளிகளுக்கு 10 வருடம் வரை.

வருடத்துக்கு ஒருமுறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். இன்னும் வேலை கிடைக்கவில்லை, வருமானம் வரம்புக்குள் இருக்கிறது என்று நீங்களே எழுதித் தருவது. இதைக் கொடுக்காவிட்டால் தகுதி இருந்தும் பணம் நிற்கும். உதவித்தொகை வாங்குவதால் பதிவு ரத்தாகாது, அரசு வேலைக்கான பரிந்துரைப் பட்டியலிலும் உங்கள் பெயர் தொடரும்.

வேலை கிடைத்தால், தனியார் வேலையானாலும், அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து உதவித்தொகையை நிறுத்துங்கள். மறுபடி வெளிநாடு போவதானாலும் அப்படியே. ஆனால் அட்டையை விட்டுவிடாதீர்கள், அதன் புதுப்பிப்பு மாதத்தை வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். போகும் நாடு அமீரகம் என்றால், ஐலோவில் சேர்ந்து முதல் சந்தா கட்டிய ரசீதை வேலையில் சேர்ந்த மாதமே மெயிலில் போட்டுவையுங்கள்.